பெட்டிகளும் தண்டவாளமும்: வலை ஃப்ரேம்வேர்க் கற்பது பற்றி ஒரு மீள்பார்வை

மருதானை ரயில் நிலைய மேடையில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். இலங்கை ரயில்வேயின் வரலாறு பெட்டி பெட்டியாகக் கடந்து போகும். ருமேனியாவிலிருந்து வந்த பெட்டி ஒன்று, சீனாவில் செய்த பவர் செட் ஒன்று, இந்தியாவிலிருந்து வந்தது இன்னொன்று. நிறம் வேறு, கதவு வேறு, இருக்கை வேறு. ஓடுவதெல்லாம் ஐந்தடி ஆறங்குல அகலமுள்ள ஒரே வகைத் தண்டவாளத்தில். இங்கிருந்து பிரியும் களனிவெளிப் பாதை மட்டும் 1990கள் வரை இரண்டடி ஆறங்குலக் குறும்பாதையாக இருந்தது. அதன் வண்டி மற்றப் பாதையில் ஏறாது, மற்றது அதில் ஏறாது. பெட்டி எவ்வளவு புதிது என்று அங்கே ஒருவரும் கேட்கமாட்டார்கள். அகலம் பொருந்துமா என்றுதான் கேட்பார்கள்.

இந்த நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில்தான் 1893இல் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. அதைச் சுற்றியும், கரையோரப் பாதையில் ரயிலேறிப் போகும் வெள்ளவத்தை வகுப்புகளிலும், கொட்டாஞ்சேனை மாடி அறைகளிலும் மென்பொருள் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் முதல் நாளில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: “சேர், ரியாக்ட் படிக்கிறதா, ஆங்குலர் படிக்கிறதா?” இரண்டு மாதம் கழித்து அதே பிள்ளைகள் வேறொன்று சொல்வார்கள்: “ஸ்கிரீன் வருகுது சேர், டேட்டா வருகுதில்லை.”

முதல் கேள்விக்குப் புத்தகமும் காணொளியும் குவிந்து கிடக்கின்றன. இரண்டாவதற்கு, அதுவும் தமிழில், மிகக் குறைவு. ஒரு புதிய ஃப்ரேம்வேர்க்கை, நம் கலைச்சொல்லில் சட்டகத்தை, எடுத்துப் படிக்கும்போது எது நிலைக்கும், எது கழியும்? சேர்வருடன் இணைக்கும் பாடத்தைக் கடைசி அத்தியாயமாக வைப்பது சரியா? கடந்த முப்பது ஆண்டு அனுபவத்தையும், இலங்கையிலேயே நடந்த சில பெரிய முயற்சிகளையும் வைத்து இதைப் பார்க்கலாம்.

கழிந்த பெட்டிகள்

உலாவிக்குள் முழு மென்பொருளையே ஓட்டலாம் என்ற ஆசை 1995இல் ஜாவா ஆப்லெட்டுடன் பரவியது. அதே ஆண்டில் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தைப் பத்து நாளில் எழுதினார். அன்று பெரிய எதிர்காலம் ஆப்லெட்டுக்கு என்றும், ஜாவாஸ்கிரிப்ட் சில்லறை வேலைக்கு என்றும் பலர் நினைத்தார்கள். நடந்தது நேர்மாறு.

2002இல் மக்ரோமீடியா நிறுவனம் ‘ரிச் இன்டர்நெட் அப்ளிகேஷன்’ என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. பக்கத்துக்குப் பக்கம் தாவாமல், மேசைக் கணினி மென்பொருள்போலவே உடனுக்குடன் அசையும் வலைச் செயலி என்பது பொருள். அதற்காக 2004இல் வந்தது ஃப்ளெக்ஸ். ஃப்ளாஷ் மேல் ஓடிய அந்த ஃப்ரேம்வேர்க்கைக் கற்றவர்கள் சேர்வருடன் பேச மூன்று வழிகளைக் கற்றார்கள்: நேரடியாக எச்டிடிபி கோரிக்கை அனுப்பும் எச்டிடிபிசேர்வீஸ், சோப் சேவையை அழைக்கும் வெப்சேர்வீஸ், சேர்வரில் உள்ள ஜாவாப் பொருளையே அழைக்கும் ரிமோட்ஒப்ஜெக்ட். வேறொரு தளத்திலிருந்து தரவு எடுக்க வேண்டுமானால் அந்தத் தளத்தில் ‘குரொஸ்டொமைன்’ என்ற எக்ஸ்எம்எல் கோப்பு இருந்து அனுமதி சொல்ல வேண்டும். அந்தக் கோப்பை மறந்துவிட்டு இரவு முழுக்கத் தலையைப் பிய்த்த நிரலாளர் உலகெங்கும் இருந்தார்கள்.

மைக்ரோசொஃப்ட் 2007இல் சில்வர்லைட்டைக் கொண்டுவந்தது. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜொப்ஸ் ஐபோனில் ஃப்ளாஷ் ஏன் இல்லை என்று பகிரங்கமாக எழுதினார். ஃப்ளாஷின் ஆதரவு 2020 டிசம்பர் 31இல் முடிந்தது. சில்வர்லைட்டின் ஆதரவு 2021 அக்டோபரில் முடிந்தது. ஆப்லெட் 2017இல் ஜாவா 9 வந்தபோதே கைவிடப்படும் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

இவற்றுக்குப் பக்கத்தில் வேறொரு ஓட்டமும் நடந்துகொண்டிருந்தது. பக்கத்தைப் புதுப்பிக்காமலே சேர்வரிடம் தரவு கேட்கும் எக்ஸ்எம்எல்எச்டிடிபிரிக்குவெஸ்ட் 1999இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5இல் வந்தது. அதன் பலத்தை உலகம் உணர்ந்தது 2004 ஏப்ரலில் ஜிமெயிலிலும், அடுத்த ஆண்டு கூகிள் வரைபடத்திலும். 2005 பெப்ரவரியில் ஜெசி ஜேம்ஸ் காரெட் அந்த முறைக்கு ‘ஏஜாக்ஸ்’ என்று பெயர் வைத்தார். 2006இல் ஜேகுவெரி, 2010இல் ஆங்குலர்ஜேஎஸ், 2013இல் ரியாக்ட், 2014இல் வியூ. ஆங்குலர் 2016இல் தன் இரண்டாம் பதிப்பை முதலாவதோடு பொருந்தாதபடி அடியிலிருந்து எழுதியது. பழையதற்கான ஆதரவு 2021 முடிவோடு நின்றது. ரியாக்ட் பெயரளவில் அதே ரியாக்ட்தான். ஆனால் 2019இல் ஹூக்ஸ் வந்தபின் எழுதும் விதம் மாறியது. ஆரம்ப மாணவர் எல்லோரும் முதல் கட்டளையாகத் தட்டிய ‘கிரியேட் ரியாக்ட் ஆப்’ 2025 பெப்ரவரியில் ஓய்வு பெற்றது.

இப்படிப் பட்டியலிடுவது அச்சமூட்டவல்ல. ஃப்ளெக்ஸ் படித்தவர் கற்றதில் எது வீணானது என்று எண்ணிப் பாருங்கள். திரை எழுதும் மொழி போயிற்று, ஆக்ஷன்ஸ்கிரிப்ட் போயிற்று. கோரிக்கை அனுப்பினால் உடனே பதில் வராது, வரும்வரை திரை காத்திருக்க வேண்டும் என்ற பாடம் போகவில்லை. குரொஸ்டொமைன் கோப்புக்கு இன்று ‘கோர்ஸ்’ என்று பெயர். தலைவலி அதே தலைவலி. எச்டிடிபியின் கெட்டும் போஸ்ட்டும் 1990களில் என்ன பொருளில் இருந்தனவோ அதே பொருளில் இன்றும் இருக்கின்றன. எச்டிடிபி/2 2015இலும், எச்டிடிபி/3 2022இலும் வந்தபோதுகூட அந்தப் பொருள் மாறவில்லை.

தண்டவாளம் போட்டவர்களில் இலங்கையர்

இந்த வரலாற்றில் இலங்கையின் பெயர் எங்கே வருகிறது? பெரும்பாலும் திரைப் பக்கத்தில் அல்ல, இணைப்புப் பக்கத்தில்.

ஒரு சேவை என்னென்ன கேள்விக்குப் பதில் சொல்லும், எந்த வடிவில் சொல்லும் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கும் ஒப்பந்தம் டபிள்யூஎஸ்டிஎல். 2001இல் வெளியான அதன் 1.1 பதிப்பை எழுதிய நால்வரில் ஒருவர், அப்போது ஐபிஎம்மில் இருந்த இலங்கையர் சஞ்ஜீவ வீரவரண. மேலே சொன்ன ஃப்ளெக்ஸின் வெப்சேர்வீஸ் வாசித்தது இந்த ஒப்பந்தத்தைத்தான். அவர் நாடு திரும்பி, திறந்த மூல மென்பொருளுக்காக 2003இல் லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷனை உருவாக்கியவர்களில் ஒருவரானார். அப்பாச்சி எக்ஸிஸ்2 என்ற இணைப்பு இயந்திரத்தின் வடிவமைப்பு 2004இல் கொழும்பில் கூடிய நிரலாளர் சந்திப்பில் உருப்பெற்றது. 2005இல் டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் பிறந்தது. நிறுவனங்களின் கணினி முறைமைகளை ஒன்றோடொன்று பேசவைப்பதே அதன் தொழில். 2024இல் ஸ்வீடனின் ஈக்யூடீ முதலீட்டு நிறுவனம் அதை வாங்கும்வரை அது இலங்கையில் வேரூன்றி வளர்ந்தது.

அதே நிறுவனம் ஒரு மொழியையே உருவாக்கியது. 2019 செப்டெம்பரில் 1.0 பதிப்பு வெளிவந்த பலெரினாவில் ‘சேவை’ என்பது மொழியின் இலக்கணத்திலேயே உள்ள சொல். வலையில் வரும் கோரிக்கை, ஜேசன் தரவு, பதில் வராமல் போகும் பிழை ஆகியவற்றை நூலகங்களில் தேடாமல் மொழியே புரிந்துகொள்ளும். எழுதிய நிரலை யார் யாரிடம் எப்போது பேசுகிறார்கள் என்ற வரிசைப் படமாகவும் பார்க்கலாம். அடியிலிருந்து திருத்திய ‘ஸ்வான் லேக்’ பதிப்பு 2022இல் வந்தது. உலக அளவில் பலெரினா ஜாவாவையோ பைத்தனையோ போல் பரவவில்லை. ஆனாலும் இணைப்பு எங்கெங்கே முறியும் என்று கற்க விரும்பும் மாணவருக்கு அதன் ஆவணங்களை ஒருமுறை வாசிப்பது நல்ல பயிற்சி.

இவற்றை உருவாக்கிய ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். பலர் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தவர். கூகிள் சமர் ஒஃப் கோட் திட்டத்துக்கு உலகிலேயே அதிக மாணவரை அனுப்பிய பல்கலைக்கழகமாக மொறட்டுவை பல ஆண்டுகள் இருந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் வேரைத் தேடினால், 1960இல் கட்டுபெத்தையில் தொடங்கிய செயன்முறைத் தொழில்நுட்ப நிறுவகத்துக்குப் போவோம். அந்த நிறுவகம் பொறுப்பேற்ற பாடநெறிகள் மருதானைக் கல்லூரியில் நடந்தவை. சுற்றிச் சுற்றி இந்தச் சந்திக்கே வந்து நிற்கிறோம்.

ஒரு நேர்மையான குறிப்பும் தேவை. தண்டவாளமும் தேயும். டபிள்யூஎஸ்டிஎல்லும் சோப்பும் வங்கிகளிலும் அரச முறைமைகளிலும் இன்னும் ஓடினாலும், புதிய வேலைகளில் ரொய் ஃபீல்டிங் 2000இல் தன் ஆய்வேட்டில் விவரித்த ரெஸ்ட் முறையும் ஜேசனும் இடத்தைப் பிடித்துக்கொண்டன. முன்பு டபிள்யூஎஸ்டிஎல் செய்த வேலையை இன்று ஓபன்ஏபிஐ செய்கிறது. பெயர் மாறினாலும், இரு பக்கமும் ஒப்புக்கொண்ட எழுத்து ஒப்பந்தம் ஒன்று வேண்டும் என்ற தேவை மாறவில்லை. திரைச் சட்டகம் ஐந்து ஆண்டில் மாறினால், இணைப்பின் அடிப்படை இருபது ஆண்டில் ஒருமுறைதான் அசைகிறது.

மூன்று இலங்கைச் சோதனைகள்

கோட்பாடு போதும். அவசரம் வந்தபோது இங்கே எழுதிய மூன்று முறைமைகளைப் பார்ப்போம்.

முதலாவது சஹனா. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், வேண்டிய பொருட்கள் ஆகியவற்றைப் பதிவதற்குத் தன்னார்வ நிரலாளர்கள் சில வாரங்களில் எழுதியது அது. பிஎச்பியும் மைசீக்வலும்தான் கருவி. படிவத்தை நிரப்பி அழுத்தினால் சேர்வர் புதிய பக்கத்தை அனுப்பும். அசையும் திரை என்று எதுவும் இல்லை. பாகிஸ்தான் பூகம்பத்திலும் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அமைப்பின் சமூகப் பயன் விருது 2006இல் அதற்குக் கிடைத்தது. இன்றைய உயர்தர ஐசிடி மாணவர் எச்டிஎம்எல் படிவத்தைப் பிஎச்பி வழியாக மைசீக்வலுடன் இணைக்கும்போது கற்பதும் இதே அமைப்பைத்தான். அதைப் பழையது என்று தள்ளுபவர்கள், கோரிக்கையும் பதிலும் எப்படிப் போய் வருகின்றன என்பதைத் திரை மறைக்காமல் காட்டும் பாடம் அது என்பதைக் கவனிப்பதில்லை.

இரண்டாவது, 2020 தொடக்கத்தில் கொவிட் நோய்க்காக எழுதியது. ஒஸ்லோ பல்கலைக்கழகம் வளர்க்கும் டிஎச்ஐஎஸ்2 என்ற சுகாதாரத் தகவல் முறைமை இலங்கையில் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது. நாட்டின் முதல் நோயாளி ஜனவரி 27இல் கண்டறியப்பட்ட அந்த நாட்களிலேயே, விமான நிலையம் வழியாக வருவோரைப் பதிந்து தொடரும் பகுதியை இலங்கையின் சுகாதாரத் தகவல் மருத்துவர்களும் நிரலாளர்களும் சேர்த்தார்கள். அதைப் பார்த்துப் பல நாடுகள் அதே வடிவைத் தம் நாட்டுக்குப் பொருத்திக்கொண்டன. இவ்வளவு வேகம் எப்படி வந்தது? சேர்வரும் திரையும் பிரிந்து நின்றதால் வந்தது. நடுவில் நன்றாக வரையறுத்த ஏபிஐ ஒன்று இருந்தது. புதிய படிவம் சேர்க்கச் சேர்வரை உடைக்க வேண்டியதில்லை. ரியாக்டில் எழுதிய புதிய செயலி வந்தாலும் அதே கதவைத் தட்டினால் போதும்.

மூன்றாவதை மருதானைவாசிகளுக்கு விளக்கத் தேவையில்லை. 2022 ஜூலையில் பெற்றோல் வரிசை நாட்கணக்கில் நீண்டபோது வந்த தேசிய எரிபொருள் அட்டை அது. வாகன விவரத்தை வலையில் பதிந்தால் ஒரு கியூஆர் சதுரம் கிடைக்கும். பெற்றோல் செட்டில் நிற்பவர் தன் போனில் அதை ஸ்கேன் செய்வார். அந்தக் கிழமைப் பங்கு எவ்வளவு மீதம் என்று சேர்வர் சொல்லும். தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. 2023 செப்டெம்பரில் அந்த முறை நிறுத்தப்பட்டது.

அட்டையை வைத்திருப்பவருக்குத் திரையே தேவைப்படவில்லை. கடதாசியில் அச்சிட்ட சதுரம் போதும். பாரம் முழுவதும் இணைப்பின் மேல் இருந்தது. மாணவருக்கு இங்கே நல்ல பயிற்சிக் கணக்கு இருக்கிறது. ஒரே அட்டையின் இரண்டு பிரதிகளை இரண்டு செட்டில் ஒரே நொடியில் ஸ்கேன் செய்தால்? மீதியைப் போன் கணக்கிட்டால் இரண்டு இடத்திலும் பெற்றோல் கிடைக்கும். எனவே கழித்தல் சேர்வரில், ஒரே பரிவர்த்தனைக்குள் நடக்க வேண்டும். சிக்னல் அறுந்து பதில் திரும்பி வராவிட்டால்? பெற்றோல் கழிந்ததா இல்லையா என்று போனுக்குத் தெரியாது. அதே கோரிக்கையைத் திரும்ப அனுப்பினால் இரண்டு முறை கழியாதிருக்க ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் அடையாள எண் வேண்டும். இந்த இரண்டு கேள்விக்கும் எந்தத் திரைச் சட்டகமும் விடை தராது.

தடுக்கி விழும் இடங்கள்

மாணவர் விழும் இடங்கள் ஆச்சரியமாக ஒரே மாதிரி இருக்கின்றன.

முதற்குழி லோக்கல்ஹோஸ்ட். மடிக்கணினியில் ஓடிய செயலியைப் போனில் திறந்தால் தரவு வராது. லோக்கல்ஹோஸ்ட் என்றால் ‘இந்தக் கருவியே’ என்று பொருள். போனில் அது போனையே குறிக்கும். போனுக்குள் சேர்வர் எங்கே இருக்கிறது?

இரண்டாவது கோர்ஸ். திரை 5173ஆம் போர்ட்டிலும் சேர்வர் 8080ஆம் போர்ட்டிலும் ஓடினால் உலாவிக்கு அவை இரண்டு வெவ்வேறு மூலங்கள். சேர்வர் அனுமதிக்கும் தலைப்பை அனுப்பாவிட்டால் பதில் வந்தும் உலாவி அதைத் தராது. ‘போஸ்ட்மேனில் வேலை செய்யுது, உலாவியில் செய்யுதில்லை’ என்ற புலம்பலுக்குக் காரணம், இந்த விதியைக் காப்பது உலாவி மட்டுமே என்பது. எனவே திருத்த வேண்டிய இடம் சேர்வர். திரைப் பக்க நிரலில் எத்தனை மணி நேரம் தோண்டினாலும் பயனில்லை.

மூன்றாவது, ஃபெட்ச் கட்டளையின் குணம். சேர்வர் 404 என்றோ 500 என்றோ பதில் சொன்னாலும் ஃபெட்ச் அதைத் தோல்வியாக எண்ணாது. வலைத் தொடர்பே அறுந்தால்தான் தோல்வி என்னும். பதில் நலமா என்பதை நாமே பார்க்க வேண்டும். ஒவ்வொரு திரைக்கும் நான்கு நிலை உண்டு: காத்திருத்தல், வெறுமை, பிழை, தரவு. பயிற்சிக் காணொளிகள் பெரும்பாலும் நான்காவதை மட்டும் காட்டி முடித்துவிடுகின்றன.

நான்காவது, ரியாக்ட் 18க்குப் பிறகு வந்த குழப்பம். ‘ஸ்ட்ரிக்ட் மோட்’ என்ற கடுமை நிலையில் நிரல் எழுதும் காலத்தில் எஃபெக்ட் வேண்டுமென்றே இரண்டு முறை ஓடும். கோரிக்கையும் இரண்டு முறை போகும். அதைப் பிழை என்று எண்ணி அந்த நிலையையே அணைத்துவிடும் மாணவர்கள், இரண்டு முறை ஓடினாலும் கெடாத நிரல் எழுதக் கற்பிக்கத்தான் அது இருக்கிறது என்பதைத் தவறவிடுகிறார்கள்.

ஐந்தாவது, இரகசியத்தைத் திரையில் வைப்பது. கட்டணச் சேவையின் திறவுகோலைத் திரைப் பக்க நிரலில் எழுதினால் அது உலாவியைத் திறக்கும் எவருக்கும் தெரியும். சுருக்கி எழுதிய நிரல் மறைத்த நிரல் ஆகாது.

ஆறாவது, தூரம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீற்றர் ஓடும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,700 கிலோமீற்றர். போய்வர ஆகக் குறைந்தது 27 மில்லிநொடி. அமெரிக்கக் கிழக்குக் கரை 14,000 கிலோமீற்றருக்கும் மேல். போய்வர 140 மில்லிநொடிக்குக் குறையாது. ஒரு பதில் வந்தபின் அடுத்ததைக் கேட்கும் விதமாக ஐந்து கோரிக்கையை வரிசையாக அடுக்கினால் ஏறக்குறைய முக்கால் நொடி ஒளியின் பயணத்திலேயே கரைந்துவிடும். விலை கூடிய போன் வாங்கினாலும் இது குறையாது. ஐந்தையும் ஒன்றாக அனுப்பினால், அல்லது சேர்வரே சேர்த்து ஒரு பதிலாகத் தந்தால் குறையும்.

இன்னொன்று பஞ்சிகாவத்தைப் பாடம். மருதானையின் உதிரிப்பாகக் கடைகளில் பாகம் வாங்குபவர் எந்த வாகனத்திலிருந்து கழற்றியது என்று விசாரித்து, கையில் தூக்கிப் பார்த்து வாங்குவார். என்பிஎம்மில் பொதி எடுக்கும் மாணவர் பெயரை மட்டும் பார்த்து எடுக்கிறார். 2016 மார்ச்சில் ‘லெஃப்ட்பேட்’ என்ற பதினொரு வரிப் பொதியை எழுதியவர் திரும்ப எடுத்துக்கொண்டபோது உலகெங்கும் பெரிய பெரிய மென்பொருட்கள் கட்ட முடியாமல் நின்றன. சேர்வருடன் பேசப் புதிய பொதியைத் தேடுமுன், உலாவியில் ஏற்கெனவே உள்ள ஃபெட்ச் போதாதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

தமிழ் பயணப்படும்போது

பிறமொழிப் பாடநூல்கள் தொடாத ஒரு பகுதி நமக்கு உண்டு: தமிழ் எழுத்து கம்பியில் ஏறும்போது என்ன ஆகிறது என்பது.

‘மருதானை’ என்ற சொல்லை எடுப்போம். கண்ணுக்கு நான்கு எழுத்து: ம, ரு, தா, னை. ஜாவாஸ்கிரிப்டிடம் நீளம் கேட்டால் ஏழு என்னும், துணைக்குறிகள் தனித்தனியே எண்ணப்படுவதால். யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 21. வலை முகவரிக்குள் வைத்தால் ஒவ்வொரு பைட்டும் மூன்று குறியாகும், ஆக 63. ‘பெயர் 20 எழுத்துக்குள்’ என்று திரை ஒரு கணக்கிலும் சேர்வர் மற்றொரு கணக்கிலும் சரிபார்த்தால், ஆங்கிலப் பெயர் உள்ளே போகும், தமிழ்ப் பெயர் வாசலில் நிற்கும்.

‘கொழும்பு’ இன்னும் சிக்கல். முதல் எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் தட்டலாம், எகரக் குறியும் காலும் சேர்ந்த இரண்டு குறியாகவும் தட்டலாம். திரையில் வேறுபாடு தெரியாது. கணினிக்கு ஒன்று எட்டுக் குறி, மற்றது ஒன்பது. தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. சேர்வர் வாசலிலேயே எல்லாவற்றையும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை தீரும். அதற்கு ஒரு வரி நிரல் போதும்.

பழைய அலுவலகக் கோப்புகளில் பாமினி எழுத்துருவில் தட்டியவை ஏராளம். அவை உண்மையில் ஆங்கில எழுத்துக்குறிகள். எழுத்துரு மாறினால் குப்பையாகத் தெரியும். தமிழுக்கான எஸ்எல்எஸ் 1326 தரநிலை 2008இலேயே வந்துவிட்டது. பழைய தரவை ஒருங்குறிக்கு மாற்றாமல் புதிய திரையில் ஏற்றுவது இன்றும் நடக்கிறது.

தேசிய அடையாள அட்டை எண்ணும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. பழையது ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும், புதியது பன்னிரண்டு இலக்கம். அதை எண் என்று வரையறுத்தால் எழுத்து தொலையும். தொலைபேசி எண்ணை அப்படி வரையறுத்தால் முன்னால் உள்ள பூச்சியம் தொலையும். இரண்டும் எழுத்துச்சரம்தான் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் திரையும் சேர்வரும் சண்டை பிடிக்கா.

எதை எடுப்பது, எப்போது எடுப்பது

அப்படியானால் முதல் நாள் கேள்விக்கு என்ன பதில்?

ரியாக்ட் திரையைப் பற்றி மட்டும் பேசும் நூலகம். சேர்வருடன் எப்படிப் பேசுவது என்பதை உங்களிடமே விட்டுவிடும். சுதந்திரம் உண்டு, தொடக்கக்காரருக்கு அதுவே தொல்லையும். கொழும்பு வேலை விளம்பரங்களில் அதிகம் கண்ணில் படுவது அதன் பெயர். ஆங்குலர் எல்லாவற்றையும் தன்னோடு கொண்டுவரும்: கோரிக்கை அனுப்பும் கருவி, படிவச் சரிபார்ப்பு, டைப்ஸ்கிரிப்ட். பெரிய நிறுவன வேலைக்கு ஏற்றது, ஏறும் படி செங்குத்து. வியூ எளிதாகத் தொடங்கவைக்கும். நெக்ஸ்ட்ஜேஎஸ்ஸும் ரியாக்டின் சேர்வர் கொம்பொனன்ட்களும் திரையின் ஒரு பகுதியைத் திரும்பச் சேர்வருக்கே கொண்டுபோயின. எச்டிஎம்எக்ஸ் இன்னும் ஒரு படி போய், சேர்வரே எச்டிஎம்எல் துண்டை அனுப்பட்டும் என்கிறது. சஹனா காலத்து அமைப்பு புதிய உடுப்பில் திரும்பி வந்திருக்கிறது.

எதிர்வாதத்தையும் கேட்க வேண்டும். திரை இல்லாமல் எச்டிடிபி மட்டும் படித்தால் பிள்ளைகளுக்குச் சலிப்பு வரும். கண்ணால் பார்க்கும் ஒன்று அசையும்போதுதான் ஆர்வம் பிறக்கும். நேர்முகத் தேர்விலும் ரியாக்ட் பற்றித்தான் கேட்கிறார்கள். இவை உண்மை. ஆகவே திரையைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. வரிசையைத் திருப்பத்தான் சொல்கிறேன்.

முதல் கிழமை ஃப்ரேம்வேர்க் இல்லாமல், வெறும் எச்டிஎம்எல் பக்கத்திலிருந்து ஒரு ஏபிஐக்குக் கோரிக்கை அனுப்பி, பதிலைப் பட்டியலாகக் காட்டட்டும். இரண்டாம் கிழமை அந்த ஏபிஐயைத் தானே எழுதட்டும். பிஎச்பியோ நோடோ பலெரினாவோ எதுவானாலும் சரி. மூன்றாம் கிழமை அதைக் கெடுக்கட்டும்: சேர்வரை நிறுத்தி, பதிலைத் தாமதித்து, பிழை எண் திருப்பி, திரை என்ன செய்கிறது என்று பார்க்கட்டும். நான்காம் கிழமை அதே திரையை ரியாக்டில் எழுதட்டும். அப்போது ரியாக்ட் எந்தத் தொல்லையைத் தீர்க்க வந்தது என்று யாரும் விளக்க வேண்டியிராது. ஐந்தாம் கிழமை அதே சேர்வரைத் தொடாமல் திரையை மட்டும் வியூவில் மாற்றி எழுதினால், எது பெட்டி எது தண்டவாளம் என்று கையே சொல்லிவிடும்.

தமிழில் இதைக் கற்பிக்க ஆள் இல்லாமல் இல்லை. 2012இல் தொடங்கிய கணியம் மின்னிதழ் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதி வருகிறது. யாழ்ப்பாணத்தில் யாழ் ஐடி ஹப் மாணவரைக் கூட்டிப் போட்டிகள் நடத்தியது. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000இல் தொடங்கிய பிஐடி வெளிவாரிப் பட்டத்தை எடுத்தவர்கள் இந்த நகரத்தின் வகுப்பறைகளிலேயே ஆசிரியர்களாக இருக்கிறார்கள். ‘கோர்ஸ் பிழை வந்தால் எங்கே பார்ப்பது’, ‘தமிழ்ப் பெயரைச் சேர்வர் ஏன் ஏற்கவில்லை’ போன்ற தலைப்புகளில் நாலு பக்கம் தமிழில் எழுத அவர்கள் முன்வந்தால் பல மாணவரின் இரவுகள் மிச்சமாகும்.

படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு சிறு வேண்டுகோள். எந்த ஃப்ரேம்வேர்க்கைத் தொடங்கினாலும் முதல் நாளே உலாவியில் எஃப்12 அழுத்தி நெட்வேர்க் பக்கத்தைத் திறந்து ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். பாடநெறி முடியும்வரை அதை மூட வேண்டாம்.